மூடிய குழியைச் சுற்றிக் கிடந்த மண்

என் அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. டயகமத் தேயிலைத் தோட்டச் சரிவில் உள்ள நம் லயத்து வரிசை வீடுகளில் இப்போது ஒருவரும் இல்லை. மழைக்கு முன்பே எல்லாரையும் கீழே இறக்கிவிட்டோம்.

கம்பஸில் செவ்வாய்க் கிரகத்துக் குழிகளைப் படிக்கிறேன் என்றபோது, "நம்ம ரோட்டுல இல்லாத குழியா புள்ள?" என்று சிரித்தீர்களே. அன்று எனக்கு ஒழுங்காக விளக்கத் தெரியவில்லை. விண்கல் விழும்போது நமக்காக நிலத்தைத் தோண்டிக் கொடுக்கிறது, அப்பா. எந்த இயந்திரமும் எட்டாத ஆழத்து மண்ணை வெளியே வீசுகிறது. குழியின் விளிம்பில் அடுக்குகள் தலைகீழாகக் கிடக்கும். அடியில் இருந்தது மேலே. வீசிய மண் சேறு தெறித்ததுபோல் இதழ் இதழாகப் படிந்திருந்தால், அடியில் பனியோ நீரோ இருந்திருக்கலாம். குழியே தூர்ந்துபோனாலும் சுற்றிக் கிடக்கும் மண்ணை வைத்துச் சிலவற்றைச் சொல்லிவிடலாம்.

உங்களை அடக்கம் செய்த அன்று, பெண்கள் மயானத்துக்கு வரக்கூடாது என்று என்னை லயத்திலேயே நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்த முருகேசு மாமா, பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் குளித்துக்கொண்டே யாரிடமோ சொன்னார்: "மொதக் குழியில இடுப்பளவு கூடத் தோண்டல, அதுக்குள்ள தண்ணி ஊறிருச்சு. மச்சானத் தண்ணியிலயா போடுறது? தள்ளி வேற வெட்டுனோம்."

அழுதுகொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். அது மழை இல்லாத மாதம். மயானம் நம் லயத்துக்கு நேர் மேலே இருக்கிறது. லயத்துச் சுவர் வெடித்து வருடக்கணக்காகிறது. மலையே உள்ளுக்குள் ஊறி நகர்கிறதோ என்று பட்டது. பூசினால் சரியாகும் என்றே தோட்ட நிர்வாகத்தில் சொல்லிவந்தார்கள். துரையின் பங்களாச் சுவர் வெடித்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பார்களா?

நிலச்சரிவு அதிகாரியைக் கூட்டிவர எத்தனை அலுவலகப் படிகள் ஏறினேன் தெரியுமா? கடைசியில் அவர் வந்தபோது அந்த முதல் குழி இல்லை. ஆளுக்குப் பதிலாக வாழைத்தண்டைப் போட்டு மூடிவிட்டிருந்தார்கள்.

"ஏன் மாமா மூடுனீங்க?"

"வெட்டுன குழியச் சும்மா விட்டா இன்னொரு ஆளக் கேக்கும்டி. ஒனக்குத் தெரியாதா?"

"இப்ப லயத்தையே கேக்கப்போகுது மாமா."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பார்க்க ஒன்றுமில்லையே, நங்கி" என்றார் சிங்களத்தில், தங்கச்சி என்பதுபோல்.

நானும் சிங்களத்திலேயே சொன்னேன்: "குழிதான் இல்லை சார். அதன் மண் இருக்கிறது." ஒரு பக்கத்து மண்ணை அவர்கள் அள்ளாமல் விட்டிருந்தார்கள். அடியில் கறுப்பு, அதன்மேல் சிவப்பு, உச்சியில் சாம்பல் நிறக் களி. கடைசியாக வெளியே வந்ததுதான் ஆழத்து மண் என்றேன். காய்ந்த மேல்பொருக்கை உடைத்து உள்ளே இருந்ததை அவர் கையில் வைத்தேன். விரல்களுக்கிடையே சவர்க்காரம்போல் வழுக்கியது. மழையில் சரிவு இதன்மேல்தான் வழுக்கி இறங்கும் என்றேன். அவர் அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"செவ்வாய்க் குழியையே பாக்குறவ சார் அவ, இது என்னா பெரிய விசயம்" என்றார் மாமா, ஏதோ அவரே படிப்பித்ததுபோல்.

பிறகு இயந்திரம் வந்தது, துளை போட்டார்கள். களிக்கு அடியில் தண்ணீர் நிறைந்து நின்றது. லயத்தைக் காலி செய்யச் சொல்லி உத்தரவும் வந்தது. இப்போது பள்ளிக்கூட மண்டபத்தில் சேலைகளைக் கட்டி மறைத்து இருக்கிறோம். வசதி இல்லை. ஆனாலும் மழை இரைகிறபோது ஒருவரும் விழித்திருந்து சுவரைப் பார்ப்பதில்லை.

கோபம் ஆறவில்லை, அப்பா. எங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு சாவு வேண்டியிருந்தது. ஆனால் பெருமையும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். இத்தனை பேரைக் காப்பாற்றிய மண் உங்களுக்காக வெட்டிய மண்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் காணி தருவதாகச் சொல்கிறார்கள். தரும்வரை விடமாட்டேன். அங்கே அத்திவாரம் வெட்டும் அன்று, யார் என்ன சொன்னாலும், குழிக்குள் முதலில் நான் இறங்குவேன். அடி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் முதல் கல்லை வைக்க விடுவேன்.

உங்கள் மூத்த மகள்,
நித்யா