தட்டைத் திருப்பியவன்

மகளே,

உன் புருஷன் வந்து மூன்று நாளாகிறது. முதல் தடவையாக வருகிறவனைத் தனியாகவா அனுப்புவாய்?

தெருப் பிள்ளைகள், எந்த வெள்ளைக்காரனைக் கண்டாலும் கூப்பிடுவதுபோல "ஹே ஜோ!" என்று அவன் பின்னாலேயே ஓடுகின்றன. அவன் பேர் அதில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. உன் மாமா தன் பன்றியை அடித்து நெருப்பில் வாட்டிவிட்டார். எதிர்வீட்டுக் கான்ரடா, "இந்த மூக்குல பாதி பேரப்புள்ளைக்கு வந்தாப் போதும்டி!" என்கிறாள். "அவ ஏன் வரலை?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம், ஆஸ்பத்திரியில் லீவு தரவில்லை என்று நானே சொல்லி வைக்கிறேன்.

வந்த அன்றைக்குப் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தான். வீடு பார்க்க ஆசை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நேற்று மதியம் படகுக்கு நேரமாகிவிட்டதென்று மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேர நாம் தட்டைத் திருப்புவோமே, எங்களுக்கு முந்தி அவன் தன் தட்டை ஒரு சுற்றுத் திருப்பினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

"அட, நம்ம ஊர் ஆளாவே ஆயிட்டீங்களே மாப்ள! யார் சொல்லிக்குடுத்தா?" என்றாள் கான்ரடா.

"அவதான். போன மாசம் அவ பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனப்பவும் திருப்பினேன்."

கான்ரடா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. வீட்டில் நீ இல்லை என்பதால் இதை உன் ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்புகிறேன். பத்திரமாகச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. எனக்கு வேண்டாம், தட்டைத் திருப்பியவனுக்கு எழுது.

உன் அம்மா