நாணல் பிடுங்கிய கரை

ஐப்பசி 24, திங்கள்

விடியலிலிருந்து மழை. மலையில் இதைவிடப் பெரிய மழையாம். சங்கரன்கோவில் பஸ் இல்லை, தரைப்பாலம் முழுகிவிட்டது. ஜவுளிக்கடை முதலாளிக்கு போன் போட்டு லீவு சொன்னேன். "ஆத்துல தண்ணி வந்தா சந்தோசம்தானம்மா" என்கிறார். அவருக்கென்ன, மாடி வீடு.

அரிசி மூட்டை பரண்மேல். ஆதார், ரேஷன் கார்டு பிளாஸ்டிக் பையில். டார்ச்சுக்கு பேட்டரி (இல்லை).

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் கரை ஒரு முழம் இடிந்தது. சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவில் இன்னும் பத்தடி. பயமாக இருக்கிறது.

25, செவ்வாய்

ஏழடி.

கோடையில் நான் செய்த வேலை. மூன்று வருஷமாக ஆறு காய்ந்து கிடந்தது. கடைசிக் குட்டையும் வற்றி, கெளுத்தி மீன் செத்து நாறியது. கொக்குகூட வரவில்லை. தண்ணீர் தேடிப் பாம்பு அடுப்படி வரை வந்தது. கரையில் நின்ற நாணல் புதர்தான் அதற்கு வீடு என்று ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கிப்போட்டேன். அந்த இடத்தில் மாட்டுக்குச் சோளம் விதைத்தேன்.

வீட்டுக்காரர் அன்றைக்கே சொன்னார்: "ஏட்டி, ஆத்தங்கரை நாணல்ல கைய வைக்காத."

"பாம்பு உங்க காலச் சுத்துனா தெரியும்" என்று வாயை அடைத்தேன். பக்கத்து வீட்டு சொர்ணம் மதினியையும் பிடுங்கச் சொன்னேன். "அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்றாள். அதற்காக ஒரு மாதம் அவளோடு பேசவில்லை நான். எவ்வளவு திமிர்.

அவள் கரையில் நாணல் வெள்ளத்தோடு சாய்ந்து கிடக்கிறது. மண் போகவில்லை.

இவர் என்னைத் திட்டினாலாவது தேவலை.

26, புதன்

நேற்றுப் பொழுது சாயவும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். இன்று வெயில். தண்ணீர் இறங்குகிறது. எல்லோரும் சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்டினார்கள். "வடிஞ்சிட்டு, இனி பயமில்ல" என்றார் இவர். வீட்டுக்கு வந்தோம். நாலடி மிச்சம். உலை வைத்தேன். பால் இல்லாத காப்பி.

மதியம், மதினி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள்: "லட்சுமி, தண்ணி இறங்கையிலதாம்ட்டி ஊறுன கரை சரியும். இம்புட்டு நேரம் தண்ணிதான் முட்டுக் குடுத்துச்சு. எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வா."

அடுப்படித் தரையில் கோடு. காலையில் இல்லை. குனிந்து பார்த்தேன், விரல் நுழைகிறது. இவர் மாட்டை அவிழ்த்தார். நான் கார்டுப் பையை மட்டும் எடுத்தேன்.

மூன்று மணி. மதினி வீட்டில் இருக்கிறோம். அடுப்படி போய்விட்டது, கொதிக்கிற உலையோடு. மதினி சோறு போட்டாள். பிசைந்து வைத்துவிட்டேன்.

இன்னும் ஒரு அறை நிற்கிறது. இவர் ஜன்னலில் நின்று அதையே பார்க்கிறார்.

இப்போது சொன்னார்: "லட்சுமி, இங்கன வராத. பாக்காத."

பார்க்கவில்லை. சத்தம் கேட்டது.