பரீட்சைக்குப் பிள்ளைகள் சதுப்பைக் கடந்தது

ஓபுரின் கிராமம்
ஜனவரி, ஞாயிறு மாலை

என் அருமை அமோங்கினுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உழவு மாடுகள் இரண்டும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், நால்வரில் அதிகம் இருமுவது அப்பாதான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டுமென்று வாரம் தவறாமல் கோயிலில் முழங்கால் போடுகிறேன். லீட்ஸில் பனி கொட்டுகிறது என்றாயே, குழந்தைக்குக் காதை மூடு, காது வழியாகத்தான் குளிர் இறங்கும். நர்ஸுக்கே வைத்தியம் சொல்கிறாயா என்பாய், நர்ஸுக்கும் அம்மா உண்டு. போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது, இந்தச் சங்கதியை அப்படி அறுத்து அறுத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பள்ளிக்கூடத்தை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. சண்டையில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்காகச் சபைக்காரர்கள் புளியமரத்தடியில் ஆரம்பித்தபோது ஊர்ப் பிள்ளைகள் நீங்களும் சேர்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தீர்கள், கோழி ஒன்று குறுக்கே ஓடினால் கணக்குப் பாடம் அழிந்துவிடும். அந்த மரத்தடியில் உங்கள் கூச்சலைக் கேட்டுக்கொண்டே கூழ் துழாவிய நாட்கள் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன, அப்போது என் கையில் எவ்வளவு தெம்பு! இன்றைக்குச் செங்கல் வகுப்பறைகள், தகரக் கூரை. மழை பெய்தால் டீச்சர் சொல்வது கேட்காது, பிள்ளைகள் வாயசைவைப் பார்த்தே பாடம் படிக்கிறார்கள். உன்னோடு படித்த அமூகேதான் இப்போது தலைமை டீச்சர். மூக்கு ஒழுகிக்கொண்டு உன் பாவாடையைப் பிடித்துத் திரிந்தவள், இப்போது அவள் ஒரு பார்வை பார்த்தால் பள்ளிச் சமையற்கட்டில் நான்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறேன். போன வருஷம்தான் நம் பள்ளியில் ஏழாம் வகுப்பு வந்து, முதன்முறையாக நம் பிள்ளைகள் அரசாங்கப் பரீட்சைக்குப் போக வேண்டியிருந்தது. பரீட்சை எழுதும் இடமோ சதுப்புக்கு அந்தப் பக்கம்.

நவம்பரில் மழை விடவே இல்லை. சதுப்பு நிரம்பி, நாணல் மூழ்கி, பாதை எங்கே இருந்தது என்றே தெரியாமல் போயிற்று. விடிந்தால் பரீட்சை. சுற்றிப் போகும் சாலையிலும் பாலம் போய்விட்டது. அந்த வெள்ளத்தைத் தாங்கும் படகு எலுங்கட்டிடம் மட்டும்தான் இருக்கிறது. எலுங்கட் யாரென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தானே எக்வாரு, அவன் அப்பா. பெருவெள்ளம் வந்த வருஷம் பள்ளிக்கு வரும் வழியில் இதே சதுப்பில்தானே அந்தப் பையன் தண்ணீரோடு போனான், நீ எத்தனை நாள் கூழைத் தொடாமல் அழுதாய். அன்றிலிருந்து அந்த மனுஷன் பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பியதில்லை, படகில் சின்னப் பிள்ளைகளை ஏற்றியதும் இல்லை.

அமூகே என்னையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் வலை முடிந்துகொண்டிருந்தான், நிமிரவே இல்லை. “பெரியப்பா, பிள்ளைங்க வருஷம் பூரா படிச்சது வீணாயிடும்”னு இவள் கெஞ்சினாள். அதற்கு அவன், “உங்க பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரு பையனைக் குடுத்தாச்சு, இன்னும் என்னம்மா வேணும் உங்களுக்கு”ன்னு கேட்டான். அமோங்கின், நான் அந்த வாசலில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, “படகு இல்லைன்னா என்ன, என் மாடு ரெண்டும் நீந்தும், கயிறைக் கட்டி நான் முன்னால போறேன், பிள்ளைங்க கயிறைப் புடிச்சுக்கிட்டு வரட்டும்”னு மார்தட்டினார். உன் அப்பாவுக்கே நீந்தத் தெரியாது, அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

விடியும்போது எல்லோரும் கரையில் நின்றோம். சீருடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு பிள்ளைகள், அவர்களைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு தாய்மார்களும் பாட்டிகளும். நான் ஆளுக்கொரு அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தேன், பிள்ளைகள் அதையும் பைக்குள் திணித்துக்கொண்டார்கள். அப்பா மாடுகளைத் தண்ணீரில் இறக்கினார். முழங்கால், இடுப்பு, பின்னால் முதல் பெண்ணும் கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டாள். அப்போதுதான் நாணலுக்குள்ளிருந்து ஒரு சத்தம். “நில்லுடா! அந்தப் பக்கம் போகாதே! அங்கதாண்டா பள்ளம்! அங்கதான் என் பையன்…” எலுங்கட் படகைத் தள்ளிக்கொண்டு வந்தான். எப்போதிருந்து அங்கே நின்றானோ தெரியாது. வந்தவன் உன் அப்பாவைப் பிடித்தான் பார், “மாட்டைவிட மோசமான மூளைய்யா உனக்கு, கிழவன் சாகறதுன்னா தனியா சாக வேண்டியதுதானே, ஊர்ப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு”ன்னு கரையே அதிரத் திட்டினான். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசும் உன் அப்பா மாடுகளைத் திருப்பிக்கொண்டு கரையேறினார். பிறகு எலுங்கட் பிள்ளைகளைப் பார்த்து, “ஏறுங்க. கிழங்கு மூட்டை மாதிரி அசையாம உட்காரணும். எவனாவது எந்திரிச்சான், நானே தள்ளி விட்டுடுவேன்”னு உறுமினான். பாதிப் பேரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மறுபடி வந்து மீதிப் பேரையும் ஏற்றினான். இரண்டாம் தடவை நானும் ஏறினேன். பள்ளம் இருந்த இடத்தைத் தாண்டும்போது அவன் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். படகு தானாக நகர்ந்தது. அப்புறம் மறுபடி துழாவத் தொடங்கினான்.

பரீட்சை முடியும்வரை அந்தக் கரையிலேயே கிடந்தான். மறுநாளும் அவனே கூட்டிப்போனான், யாரும் கேட்கவில்லை.

போன வாரம் முடிவு வந்தது. ஒரு பையனைத் தவிர எல்லோரும் தேறிவிட்டார்கள், அந்தப் பையனை அமூகே மறுபடி எழுத வைக்கிறாள். பள்ளியில் ஆடு அடித்தோம், கேழ்வரகுக் களியும் வேர்க்கடலை அரைத்து ஊற்றிய கீரையும் நான் என் கையால் செய்தேன், பாட்டிகள் குலவை போட்டு ஆடினார்கள். அந்தக் கூட்டத்தில் எலுங்கட் வேலியோரம் வந்து நின்றான். நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். வாங்காமல், “அமோங்கின் அம்மா, என் பையன் எங்க உட்காருவான்”னு கேட்டான். புளியமரத்தின் வேர் புடைத்திருக்கும் இடத்தைக் காட்டினேன். அங்கே போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சாப்பிட்டான், “கீரையில உப்பே இல்லையே”ன்னு குறை வேறு. பிறகு, “அவன் பக்கத்துல ஒரு பொண்ணு உட்காருவாளே, உன் பொண்ணு, அவ இப்ப என்ன பண்றா”ன்னான். வெள்ளைக்காரன் ஊரில் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள், கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது என்றேன். களியை உருட்டிய கை அப்படியே நின்றது. “அப்ப அவனுக்கும் ஒரு குழந்தை இருந்திருக்கும்”னான். உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, “படிப்பானா, இல்ல விளையாடிக்கிட்டே இருப்பானா? வீட்டுல வாயே திறக்க மாட்டான், எனக்கு ஒண்ணும் தெரியாது”ன்னு கேட்டான். எனக்கு அவன் எத்தனை அகப்பை கூழ் குடிப்பான் என்பதுதான் தெரியும் மகளே. அதைத்தான் சொன்னேன்.

கடவுள் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும், நீ தொட்ட பிள்ளைகளெல்லாம் பிழைக்கட்டும், என் பேரப்பிள்ளை பல்கிப் பெருகட்டும். வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. உனக்கு நேரமில்லை என்று தெரியும், எனக்குப் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, எலுங்கட்டுக்கு ஒரு கடிதம் போடு. எக்வாரு என்ன பேசுவான், எதற்குச் சிரிப்பான், எந்தப் பாடம் பிடிக்கும், நினைவிருப்பதையெல்லாம் எழுது. சேட்டை செய்திருந்தால் அதையும் விடாமல் எழுது. அவனுக்குப் படிக்கத் தெரியாது, நான் போய்ப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
தபித்தா