உறிஞ்சிக்கு விழாத குண்டுகள்

மார்ச் 3, செவ்வாய்

அறிவியல் மையத்தில் எங்கள் கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. பெயர்: ‘சூடாகும் பூமிக்கு எந்த இயந்திரம்?’ மையத்தின் இயக்குநர் வைத்தது. காட்சிக்கு வைத்த மூன்றில் ஒன்று இயந்திரமே இல்லை, வெறும் பெயின்ட் என்று சொல்லிப் பார்த்தேன். பேனர் அடித்தாகிவிட்டதாம்.

வாசலில் ஆளுக்கொரு கண்ணாடிக் கோலிக்குண்டு கொடுக்கிறோம். வருகிறவர்கள் எங்கள் விளக்கத்தைக் கேட்டு, மாதிரிகளைப் பார்த்து, எதை நம்புகிறார்களோ அதன் குழாயில் குண்டைப் போட வேண்டும். வெயிலைத் திருப்பியடித்து ஏசிச் செலவைக் குறைக்க மொட்டை மாடிக்கு அடிக்கும் வெள்ளைப் பூச்சு, பகல் வெயிலின் மின்சாரத்தை இரவுக்கு எடுத்துவைக்கும் பெரிய பேட்டரி, காற்றைச் சலித்துக் கரியமில வாயுவைப் பிடிக்கும் இயந்திரம். கடைசி ஐட்டத்துக்கு நானும் தாடிக்காரரும் வைத்த செல்லப் பெயர் உறிஞ்சி. காலையில் நான் விளக்குவேன், மதியம் தாடிக்காரர்.

இயக்குநர் இன்று குண்டைத் தூக்கிப் போட்டார். “வெளிய வர்றவங்கள நிறுத்தி, ஏன் அதுல போட்டீங்கன்னு கேப்பேன். உருப்படியா ஒரு காரணம் சொல்லணும். இல்லன்னா மாசக் கடைசியில இந்த இடத்துக்கு டைனோசர் வந்துரும்.”

பொத்தானை அழுத்தினால் உறுமும் அந்த டைனோசர் பொம்மை ஏற்கெனவே வந்துவிட்டது. கிடங்கில் பெட்டிக்குள் படுத்திருக்கிறது. மதியம் யாரோ கைபட்டு ஒருமுறை உறுமியது. இரண்டு வருடம் இந்தக் கூடத்துக்காக நாயாய் அலைந்திருக்கிறேன். பேட்டரி போட்ட பல்லிக்கு விட்டுக்கொடுக்கவா?

மார்ச் 5, வியாழன்

இயக்குநர் ஆளை நிறுத்திக் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒருவர்: “பேட்டரியில பச்சை லைட்டு அழகா இருந்துச்சு.” இன்னொருவர்: “அதுலதான் நிறைய குண்டு கிடந்துச்சு, நானும் போட்டேன்.”

இயக்குநர் என்னைப் பார்த்தார். கிடங்கு பக்கம் போனார்.

மார்ச் 6, வெள்ளி

ஒரு விசித்திரம். காலையில் உறிஞ்சிக்கு ஒரு குண்டுகூட விழுவதில்லை. மதியம் நிரம்பி வழிகிறது. அதே மாதிரிப் பொருள், அதே விளக்கப் பலகை!

“நம்ம பேச்சு அப்படி” என்று தாடிக்காரர் தாடியைத் தடவினார்.

“மதியம் வர்றவங்களுக்கு விவரம் பத்தல” என்றேன்.

சேர்ந்து டீ குடிக்கப் போகவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் கூடத்தைப் பார்க்க வந்தாள். சொந்தக்காரி என்று பார்க்காமல் எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன். நேராகப் போய்ப் பேட்டரியில் போட்டாள். ஏன் என்று கேட்டேன்.

“உறிஞ்சிகிட்ட வந்ததும் உங்க மூஞ்சி எங்க அண்ணன் போட்ட காபியக் குடிச்ச மாதிரி ஆயிடுச்சு அண்ணி. பெயின்ட்டுகிட்ட கொட்டாவி விட்டீங்க. மிச்சம் பேட்டரிதானே?”

“நான் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னேனா?”

“வார்த்தைய யாரு கேட்டா? எல்லாரும் உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னோம்.”

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று ‘உறிஞ்சி’ என்று சொல்லிப் பார்த்தேன். உண்மைதான். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது. அப்படியென்றால் இவ்வளவு நாளும் மக்கள் எதை எடைபோட்டார்கள்? என்னையா? தாடிக்காரரின் தாடியையா? வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு விளக்கினேன். ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டி, “உக்காருங்க, தலை சுத்துதா?” என்றார்.

மார்ச் 11, புதன்

முகக்கவசம் போட்டுப் பார்த்தேன். கண்ணே காட்டிக்கொடுக்கிறதாம்.

மார்ச் 14, சனி

வாஷிங் மெஷின் வாங்கக் கடைக்குப் போனோம். இது என்ன செய்யும், என்ன செய்யாது, கரண்ட் எவ்வளவு குடிக்கும், ரிப்பேர் ஆனால் யார் வருவார்கள், வேறு யார் வீட்டில் ஓடுகிறது — நான் கேட்கக் கேட்க விற்பனையாளர் நாற்காலி தேடி உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். “துணி துவைக்கிற மெஷினுக்கு இத்தனை கேள்வி கேக்கற. உன் கூடத்துக்கு வர்றவங்கள மட்டும் ஏன் ஒரு கேள்வி கேக்க விடமாட்டேங்கற? நீயே பேசிட்டு நீயே முடிச்சுடற.”

சுருக்கென்றது. எப்போதாவது ஒருமுறைதான் பேசுவார், அது சரியாகவும் இருந்து தொலைக்கிறது. மெஷின் வாங்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

பலகைகளைக் கழற்றிவிட்டோம். இனி நாள் முழுக்க நாங்கள் இருவரும் விற்பவர்கள், வருகிறவர்கள் வாங்குபவர்கள். கடையில் கேட்ட அதே கேள்விகளைச் சுவரில் பெரிதாக எழுதியாயிற்று. அதற்கு மேலும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். எங்களுக்கு ஒரே விதி: பொய் சொல்லக் கூடாது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும்.

யார் எதை விற்பது என்று சீட்டுக் குலுக்கினோம். தாடிக்காரருக்குப் பேட்டரி. பெயின்ட்டை ஆளுக்குப் பாதி. எனக்கு உறிஞ்சி. எனக்கென்று வந்து வாய்க்கிறதே!

மார்ச் 19, வியாழன்

இன்று என்னை உரித்து உப்புத் தடவிவிட்டார்கள்.

“இவ்வளவு கரண்ட் குடிக்குதே, அது நிலக்கரியில வந்த கரண்ட்டா இருந்தா?”

“அப்ப வாங்காதீங்க. பிடிக்கிறதுல பெரும்பகுதி அந்த நிலக்கரிப் புகைக்கே ஈடாப் போயிடும்.”

“பிடிச்சத எங்க வைப்பீங்க?”

“பூமிக்கு அடியில, பாறைக்குள்ள.”

“காலாகாலத்துக்கும் அத யார் பாத்துப்பாங்க?”

“தெரியாதுங்க.”

அதுவரை சும்மா நின்ற ஒரு லாரி ஓட்டுநர் கேட்டார்: “மத்த ரெண்டும் செய்யாத எத இது செய்யும்?”

“அதுங்க இனிமே போகப்போற புகையக் குறைக்கும். ஏற்கெனவே மேல போனதத் திரும்ப எடுக்கறது இந்த மூணுல இது ஒண்ணுதான்” என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கழற்றிய பலகையில் அந்த வரி இருந்தது. எழுதியவளே நான்தான். ஒருநாளாவது அதை மனதில் வாங்கியிருக்கிறேனா?

மார்ச் 20, வெள்ளி

என் பேச்சைக் கேட்டு உறிஞ்சிக்கு முதன்முதலாகக் குண்டுகள்! “என்ன, அது மேல காதலா?” என்றார் தாடிக்காரர். இல்லை. இன்னும் அது குடிக்கிற கரண்ட் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உதடு இழுக்கவில்லை. டீ அவர் வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 24, செவ்வாய்

இயக்குநரின் கடைசிச் சோதனை. தூணுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன்.

ஒரு பெரியவர்: “பேட்டரியில போட்டேன். ஆனா பழசானா எங்க கொண்டு போடுவாங்கன்னு கேட்டேன், தாடிக்காரத் தம்பி சரியாத் தெரியாதுன்னுட்டார். அதனால அரை மனசுதான்.”

பின்னாலேயே ஒரு பெண், குண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு: “எங்க மாடிக்குப் பெயின்ட் சரிதான் சார். ஆனா ஊருக்கே அது போதுமா? இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு. நாளைக்கு வந்து போடவா?”

இயக்குநர் கையை நீட்டினார். “குண்டக் குடுத்துட்டுப் போங்கம்மா. நாளைக்கு வாங்கிக்கலாம்.”

நாளைக்கு என்றாரே! அப்படியானால் நாளைக்கும் கூடம் இருக்குமா?

மார்ச் 25, புதன்

இருக்கும். டைனோசர் வாசலுக்கு மட்டும். தாடிக்காரரும் நானும் கிடங்குக்கே போய் அதன் பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தோம்.

ஏப்ரல் 4, சனி

நாத்தனார் அலுவலகத் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உறிஞ்சியைப் பற்றி என்னைக் கேள்விமேல் கேள்வி கேட்டுவிட்டு, முகத்தைக் குனிந்து குனிந்து பார்த்தாள். “இன்னிக்கு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல அண்ணி” என்று அலுத்துக்கொண்டு, யோசித்துத்தான் குண்டைப் போட்டாள்.

வாசலில் இயக்குநர் பெருமையோடு பொத்தானை அழுத்தினார். டைனோசர் உறுமியது. தோழிகள் வீல் என்று கத்திச் சிரித்தார்கள். நாத்தனார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தாள்.

“சார், இது எவ்வளவு கரண்ட் குடிக்கும்?”

இயக்குநர் சிரித்தார்.

“ரிப்பேர் ஆனா யார் வருவாங்க?”

சிரிப்பு நின்றது.

“உறுமறதத் தவிர என்ன செய்யும்?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “தெரியாதுங்க சார்” என்றேன், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.