அம்மன் தலையில் சூலம்

ஆடி 3, வெள்ளி

விடியலில் தூறல். வடாம் போட முடியவில்லை. கொல்லையில் இருக்கும் எல்லையம்மனுக்கு எண்ணெய், மஞ்சள், எலுமிச்சை மாலை.

ஏரியை அளக்க சர்வேயர் வந்தார். கோர்ட்டு உத்தரவாம். வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தில் உள்ள கற்கள்தான் எல்லை. மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது, எங்கள் கொல்லைப் பக்கத்துக் கல் மட்டும் காணோம். கிடைக்காவிட்டால் இப்போதுள்ள வேலியே எல்லை. கிடைத்தால் எங்கள் சமையல்கட்டு, பக்கத்து வீட்டு மெஹர் அக்காவின் மாடிப்படி, இரண்டும் ஏரி நிலமென்று இடிபடலாம்.

"கல்லு கெடைக்கக் கூடாதுன்னு நான் துஆ கேட்டுக்கினு இருக்கேன். நீயும் உங்க அம்மன்கிட்ட ஒரு வார்த்தை போட்டு வைம்மா," என்றாள் அக்கா.

போட்டு வைத்தேன்.

சர்வேயர் செருப்பைக் கழற்றி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தேடப் போனார்.

ஆடி 7, செவ்வாய்

நல்ல வெயில். வடாம் காய்ந்தது. பால் அரை லிட்டர் கூடுதல், சர்வேயர் ஆட்களுக்கு டீ.

கரையில் தோண்டிய ஒரு கல்லைச் சர்வேயர் காட்டினார். தலையில் மூன்று கோடு, ஒரு முனையில் சேர்ந்து. "இந்த அம்புக்குறிதாம்மா அடையாளம்."

அது எங்கள் அம்மன் கல்லின் தலையில் இருக்கும் சூலம். எண்ணெய்க் காப்பில் இத்தனை வருஷம் என் விரல் தடவின சூலம்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். தறியை விட்டு எழாமலே, "வாயத் தொறக்காத. அடுப்பு போனா ரோட்லயா பொங்குவ?"

கல்யாணமாகி வந்தபோது ஏரித் தண்ணீர் கொல்லைப்படி வரைக்கும். அரிசி களைந்தால் கெண்டைக் குஞ்சு விரலைக் கடிக்கும். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் நானும் அக்காவும் ஒரே குடையில் பார்க்க ஓடுவோம். இரைச்சலில் பேச்சே கேட்காது. சும்மா சிரிப்போம்.

ஆடி 10, வெள்ளி

மேகமூட்டம். எண்ணெய்க் கிண்ணத்தோடு போனேன். அம்மன் முன்னால் நின்று தெரியாது என்று எப்படிச் சொல்ல?

மாலையை எடுத்தேன். சூலம் தெரியும்வரை சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். சர்வேயரைக் கூப்பிட்டேன்.

"அடக் கடவுளே, தினம் இதத்தான் கும்பிட்டுட்டுத் தேடினனா!" தலையில் அடித்துக்கொண்டார்.

கயிறு பிடித்தார்கள். கோடு சரியாக எங்கள் அடுப்பு மேல். பூஜை அலமாரி தப்பியது. அக்கா மாடிப்படியும்.

"உங்க அம்மன் என் பேச்சத்தான் கேட்டிருக்கா," என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள் என் தோளில் அழுதாள்.

வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்து வந்து அடுப்பைப் பார்த்தார். பிறகு, "அடுப்ப தறிக்கிட்ட வெச்சிக்க. தாளிக்கும்போது மட்டும் சொல்லு, ஜரிகைய மூடிக்கிறேன்."

சாயங்காலம் அம்மனுக்கு மறுபடி மஞ்சள். சூலத்தை மட்டும் மூடவில்லை.