பில்லில் பழைய அலுமினியம்

1-11-92, ஞாயிறு

விடியக்காலையிலேர்ந்து தூறல். துணி ஒண்ணும் காயலை. போட் வந்து சேர்ந்துடுச்சு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடிப்போன கம்பெனி. ஏரியில ஆழம் அளக்கற காண்டிராக்ட் எடுத்தவங்க. செம்பரம்பாக்கத்தில் ஓட்டின அலுமினியப் படகு, அதை ஏத்தி இழுக்க ரெண்டு சக்கர டிரெய்லர், ரெண்டும் சேர்த்து ஏலம். இவர் பி.எஃப். லோனைப் போட்டு எடுத்துட்டார். யாரோட டிராக்டரோ, அதில கட்டி இருட்டோட இழுத்துட்டு வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தியாச்சு. வழியில ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை.

எல்லாம் அஞ்சப்பனுக்காக. இவர் தம்பி. புயலில் வள்ளம் உடைஞ்சதிலேர்ந்து நாகூர்ப் பக்கம் அடுத்தவங்க படகில் கூலிக்குப் போறார், அதுவும் கூப்பிட்டாத்தான். கூப்பிடாத நாளெல்லாம் குடி. மல்லிகா பொண்ணைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. சொந்தமா ஒரு போட் வரட்டும், அன்னிக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாளாம். அவளை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

அஞ்சப்பன் வந்து நாலு நாளாச்சு. இன்னிக்குப் போட்டைச் சுத்திச் சுத்தி வந்து தட்டித் தட்டிப் பார்த்தார். "நல்ல தகடு அண்ணி. கடல் தாங்கும்." ரெண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஊர்க்காரர் ஒருத்தர் ராத்திரி பஸ்ஸில் போறார், மல்லிகாவுக்குச் சொல்லி அனுப்பியாச்சு.

பில் விஷயம். ஏல புரோக்கர் எத்திராஜ் சொன்னபடி "பழைய அலுமினியம், பழைய இரும்பு"ன்னு எழுதி வாங்கியிருக்கு. "போட்டுன்னு பில்லு போட்டா டாக்ஸு தீட்டிடுவான் தங்கச்சி. ஸ்கிராப்புன்னா கம்மி. அல்லாரும் இப்டித்தான் வாங்கிகினு போறாங்கோ." இவர் என்னைப் பார்த்தார். பி.காம். படிச்சவளாச்சே. சரிதானேன்னு தலையை ஆட்டினேன். மிச்சம் பிடிச்சதில் ரெண்டு பேருக்கும் ரொம்ப சந்தோஷம்.

2-11-92, திங்கள்

மழை. செய்ய வேண்டியது:
ரேஷனில் மண்ணெண்ணெய் வந்திருக்கா?
டிரெய்லருக்கு நம்பர், ஆர்.டி.ஓ. ஆபீஸ்.
போட் பதிவு, யார்கிட்டன்னு தெரியலை.
குடை கம்பி.
இவருக்கு லீவு கிடையாது, ஃபாக்டரியில் டார்கெட் மாசமாம். அஞ்சப்பனுக்கு ஆபீஸ்னாலே நாக்கு ஒட்டிக்கும். ஆக நான்தான்.

4-11-92, புதன்

ஆர்.டி.ஓ. ஆபீஸ். பஸ்ஸில் ஒரு ஆள் என் காலை மிதிச்சுட்டு என்னையே முறைக்கிறான்.

கிளார்க் வயசானவர். பில்லைப் படிச்சார். திரும்பப் படிச்சார். "அம்மா, இதில டிரெய்லர்னு எங்க இருக்கு?" இரும்புன்னு இருக்கே, அதுதான் டிரெய்லர்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்கே கேவலமா இருந்துச்சு. "பழைய இரும்புக்கு நம்பர் எப்படிம்மா குடுக்கறது?"

சரி, கம்பெனி பேர்ல முன்ன இருந்த நம்பரை மாத்திக் குடுங்கன்னேன். ஃபைலைத் தேடி எடுத்தார். வண்டியை ஸ்கிராப்பா வித்தாச்சு, நம்பரை ரத்து பண்ணிடுங்கன்னு கம்பெனி எழுதிக் குடுத்து, ரத்தும் ஆயிடுச்சு. இனி அது வண்டியே இல்லை. ரோட்டில் இழுத்தா பிடிப்பாங்க.

போட்டுக்கு? "தண்ணியில போறதுக்கு நாங்க இல்லைம்மா. மீன்வளத் துறையில கேளுங்க." பொறுமையாத்தான் சொன்னார். எரிஞ்சு விழுந்திருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

மண்ணெண்ணெய் வரலை.

6-11-92, வெள்ளி

மீன்வளத் துறையில் பதில் ஒரே வரி. படகைப் பதிவு பண்ண படகு வாங்கின பில் வேணும்.

அங்கேர்ந்து அம்பத்தூர். கம்பெனியில் கணக்கு முடிக்கிற ஒருத்தர் மட்டும் ஒரு மேஜையோட உட்கார்ந்திருக்கார். மேஜையும் ஏலம் போயிடுச்சாம், நாளைக்கு எடுத்துட்டுப் போறாங்களாம். பில்லை மாத்திக் குடுங்க சார், வரி வித்தியாசத்தை எப்படியாவது கட்டிடறோம்னேன். "ஸ்கிராப்புன்னு போடச் சொல்லி உங்க வீட்டுக்காரர்தானே எழுதிக் குடுத்தார்?" பேப்பரை எடுத்துக் காட்டினார். இவர் கையெழுத்தேதான், வால் நீட்டிக்கிட்டு. கணக்கு முடிச்சு சேல்ஸ் டாக்ஸுக்கும் அனுப்பியாச்சு, இனிமே கை வைக்க முடியாதுன்னுட்டார்.

வாசலில் எத்திராஜ். விட்டேன் ஒரு டோஸ். சிரிக்கிறான். "இன்னாத்துக்கு டென்சன் ஆவுற? லாரில ஏத்து. லாரிக்கு நம்பர் கீதுல்ல? மேல கீற சரக்குக்கு இன்னாத்துக்கு நம்பரு?" கேக்க நியாயமாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு.

8-11-92, ஞாயிறு

கொட்டித் தீர்த்துடுச்சு. போட் நிறைய தண்ணி. அஞ்சப்பன் என் குளியலறை வாளியை எடுத்துட்டுப் போய் இறைச்சார். இறைச்சு முடிச்சதும் அதிலேயே உட்கார்ந்துட்டார், கரையில நிக்கிற போட்டில். பிளாக் பிள்ளைங்க எல்லாம் ஏறிக்கிட்டு டிக்கெட் டிக்கெட்னு ஒரே கூச்சல். மேல் வீட்டுத் திருநெல்வேலியம்மா: "ஏட்டி, கப்பல் எப்பம் கிளம்புது?" எல்லாருக்கும் நாங்க சிரிப்பாப் போயிட்டோம்.

குவார்ட்டர்ஸ் ஆபீசிலிருந்து ஆள் வந்து ஒரு வாரத்தில் எடுத்துடணும்னு சொல்லிட்டுப் போனான்.

இவர்கூட சண்டை. பி.காம். படிச்சவளுக்குத் தெரிய வேணாமான்னார். அண்டா கழுவறதுக்கு பி.காம். எதுக்குன்னு நாந்தான் பன்னெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். சாப்பிடாம ஷிப்டுக்குப் போயிட்டார். மத்தியானத்துக்கு மேல பாவமா இருந்துச்சு.

அஞ்சப்பன் இங்க வந்ததிலேர்ந்து ஒரு சொட்டு குடிக்கலை. அதை மட்டும் நினைச்சுப் பார்த்துக்கறேன்.

10-11-92, செவ்வாய்

மூட்டம். மல்லிகாகிட்டேயிருந்து லெட்டர். திரும்பி வந்துட்டாளாம்.

ஊர்க்காரர் சொன்ன அன்னிக்கே கிளம்பி, அவங்க வீட்டைத் திறந்து, கூரையில் ஒழுகற இடத்துக்குக் கீத்து வாங்கிப் போட்டிருக்கா. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. அப்பா போட்டில் வருவாரா பஸ்ஸில் வருவாரான்னு கேக்குதாம். "என்னிக்கின்னு தெரிஞ்சா அன்னிக்கு மீன் வாங்காம இருப்பேன்"னு எழுதியிருக்கா. அந்த வரியை மட்டும் அஞ்சப்பன் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். அப்புறம் குழாயடிக்குப் போய் முகம் வழிச்சுக்கிட்டு வந்தார்.

லாரி பேசியாச்சு. வியாழன்.

12-11-92, வியாழன்

எழுத இஷ்டமில்லை. எழுதிடறேன்.

காலையில பிளாக்கே சேர்ந்து தூக்கி ஏத்துச்சு. டிரெய்லர் அடியில, போட் மேல. வெயில்கூட அடிச்சுது. அஞ்சப்பன் மேலே ஏறி உட்கார்ந்துக்கிட்டு, "வர்றேன் அண்ணி. பொங்கலுக்கு நீங்கதான் வரணும்"னார். இவர் கண்ணைத் துடைச்சதை நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

மத்தியானம் அஞ்சப்பன் நடந்து திரும்பி வந்தார். சட்டையெல்லாம் சேறு. குமணன்சாவடி தாண்டி மாங்காடு போற ரோட்டில் சேல்ஸ் டாக்ஸ் ஜீப் மடக்கிடுச்சு. பில் எங்கேன்னு கேட்டிருக்காங்க. அஞ்சப்பனும் எடுத்து நீட்டியிருக்கார். "போட் இருக்கு, பில்லில் போட் இல்லையே"ன்னாங்களாம். லாரியோட பிடிச்சு வச்சுட்டாங்க.

அவர் சொல்லி முடிச்சதும் எனக்கு அழுகைகூட வரலை. அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தேன், களைஞ்சுக்கிட்டே இருந்தேன்.

13-11-92, வெள்ளி

இவர் அரை நாள் லீவு. மூணு பேரும் போனோம். ஆபீசர் என் வயசுதான் இருப்பார், சளி பிடிச்சு மூக்கை உறிஞ்சிக்கிட்டே பேசினார். மரியாதையா நாற்காலி போட்டார்.

"படகுன்னா படகுக்கு உண்டான வரி, அதுக்கு மேல அபராதம். பொய்யா பில் எழுதச் சொல்லி நீங்களே கையெழுத்துப் போட்டதால கேஸும் எழுதணும். நீங்க சென்ட்ரல் கவர்ன்மென்ட்தானே? உங்க ஃபாக்டரிக்கும் தெரிவிக்கணும்."

ஃபாக்டரிக்குத் தெரிஞ்சா மெமோ, சஸ்பென்ஷன். போன வருஷம் எதிர் பிளாக்கில் ஒருத்தருக்கு நடந்ததைப் பார்த்திருக்கோம், காலி பண்ணிட்டுப் போனாங்க. அபராதத்துக்கோ எங்ககிட்ட ஒண்ணும் இல்லை. லோனெல்லாம் அந்தத் தகட்டில்தான் இருக்கு.

நான் கெஞ்சினேன். வரியை மட்டும் தவணையில கட்டறோம் சார். தலையை ஆட்டினார், இல்லைன்னு.

இவர் கேட்டார். "பில்லில் இருக்கற மாதிரியே பழைய அலுமினியமா இருந்தா?"

ஆபீசர் முதல்ல புரியாத மாதிரி பார்த்தார். அப்புறம் அஞ்சப்பனைப் பார்த்தார். "அப்படி இருந்தா நான் கேக்க ஒண்ணுமில்லை"ன்னு மெதுவாச் சொன்னார். மூக்கைத் துடைச்சுக்கிட்டார்.

அஞ்சப்பன் வெளியே எழுந்து போயிட்டார். இவர் அப்படிக் கேட்டதுக்கு நான் கோபப்படணும். மெமோ வராதுன்னுதான் முதல்ல தோணுச்சு எனக்கு. நான் இவ்வளவுதான்.

16-11-92, திங்கள்

மழை இல்லை, புழுக்கம். பூந்தமல்லியில் பழைய இரும்புக் கடை. லாரி அங்கே வந்துச்சு, இன்ஸ்பெக்டர் ஒருத்தர் கூடவே. அவர் முன்னாடி போட்டை வெட்டணுமாம்.

இவர் வெல்டர். ஃபாக்டரியில் எவ்வளவு கனமா இருந்தாலும் வெட்டறவர். அலுமினியம் கேஸ் நெருப்பில் சரியா வெட்ட வராதாம், உளியும் சம்மட்டியும்தான். கடை ஆளுங்களை வேணாம்னுட்டு இவரே சம்மட்டியை எடுத்தார். நாலு அடி அடிச்சார். நிறுத்திட்டார். அப்புறம் கடை ஆளுங்களே வெட்டினாங்க, பேசிச் சிரிச்சுக்கிட்டு, அவங்களுக்கு தினப்படி வேலை அது. டிரெய்லரை கேஸில் ரெண்டா வெட்டினது பத்து நிமிஷம்கூட ஆகலை.

அஞ்சப்பன் டீக்கடை பெஞ்சில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சத்தம் அங்கே நல்லாவே கேக்கும்.

இன்ஸ்பெக்டர் பில்லை வச்சுச் சரிபார்த்து கையெழுத்துப் போட்டுக் குடுத்தார். கடைக்காரர் எடை போட்டுக் குடுத்தது லாரி வாடகைக்கும் அது நாலு நாள் காத்திருந்த கூலிக்குமே பத்தலை. எத்திராஜ் வந்து நின்னான். சிரிக்கலை. "நா நல்லதுக்குத்தான் சொன்னேன் அண்ணாத்தே"ன்னான். இவர் சரி போப்பான்னுட்டார்.

வீட்டுக்கு வந்து மூணு பேரும் படுத்துட்டோம், விளக்கு போடாம.

18-11-92, புதன்

தூறல். பால்காரன் வரலை. ரேஷனில் மண்ணெண்ணெய் வந்துடுச்சு, வரிசையில் ரெண்டு மணி நேரம்.

அஞ்சப்பன் ஊருக்குக் கிளம்புவார்னு புளிச்சோறு கட்டி வச்சிருந்தேன். போகலை. காலையில எங்கேயோ போயிட்டுச் சாயங்காலம் வந்தார். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கேட்டிருக்காராம், நாளைக்கு வரச் சொன்னாங்களாம். வாயில சாராய வாடை.

இவர் சாப்பிட உட்கார்ந்தார். அஞ்சப்பன் உட்காரலை.

"மல்லிகாவுக்கு ஒரு லெட்டர் எழுதணும் அண்ணி."

பேனாவை எடுத்துக்கிட்டு வந்தேன். என்னன்னு எழுதட்டும் தம்பின்னேன்.

"போட் நல்லா இருக்கு, நம்பர் வாங்கத்தான் கொஞ்சம் லேட்டாவுதுன்னு எழுதுங்க. பொங்கலுக்குள்ள வந்துடும்னு."

இவரைப் பார்த்தேன். தட்டிலிருந்து தலையைத் தூக்கலை. மாட்டேன்னு நான் சொல்லியிருக்கணும். எழுதினேன். பாப்பாவை ஒழுங்கா பால்வாடிக்கு அனுப்பச் சொல்லுங்கன்னார், அதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டார். போட்டுட்டு, போட்டுக்கு என்ன பேர் வைக்கலாம்னு பாப்பாவைக் கேட்டு எழுதச் சொல்லுங்கன்னார்.

அதையும் கீழே சேர்த்தேன்.