உன் உயரத்தில் ஒரு ஜன்னல்

இன்று பட்டறையில் ஒரு கதவுக்கு ரப்பர் ஒட்டப் பசை டின்னைத் திறந்தேன். வாடை வந்ததும் கை நின்றுவிட்டது. கும்மிடிப்பூண்டி இரும்புப் புகைக்கு நடுவே நம் வீட்டுச் சமையலறை மேடை கண்முன் வந்தது. தோசைக்கல்லைத் தள்ளி வைத்துவிட்டு நீ அங்கேதான் அட்டையை வெட்டி வெட்டிக் குட்டிக் கட்டடங்கள் ஒட்டுவாய். அந்த வாடையில் தலை வலிக்கிறது என்று நான் கத்துவேன். இன்று மூடியைப் போட மனம் வரவில்லை.

யார் யாருடைய கம்பெனிகளுக்கோ கொட்டகை வரைந்தே உன் காலம் போயிற்று. பழவேற்காடு ஏரிக்கரையில், படகுக்குக் காத்திருக்க ஓர் அறை வேண்டுமென்று நீ பிறந்த குப்பத்து ஊரார் கேட்டார்களே, அன்றுதான் உனக்கென்று ஒரு கட்டடம் கிடைத்தது. உனக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய பெரிய கட்டடக் கலைஞர்களின் புத்தகங்களைக் கட்டிலில் பரப்பினாய். தூண்மேல் நிற்கும் தரையும் சுவர் நெடுக ஓடும் நீள ஜன்னலும் ஒருவரிடமிருந்து, இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் சுவர் இன்னொருவரிடமிருந்து. எல்லாம் திருட்டா என்று சீண்டினேன். கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பதாகச் சொன்னாய்.

ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. ஜன்னலுக்கும் பெஞ்சுக்கும் ஆறடி மனிதன் ஒருவனை அளவாக வைத்திருந்தார் அந்த முதல் ஆள். படத்தைப் பார்த்துச் சிரித்தாய்.

“ஆறடிக்கு எங்க ஊர்ல எவ கீறா? காலத் தொங்கப் போட்டுக்கினு ஒக்காரணுமா? என்ன வச்சே அளவு போடறேன்யா.”

சுவரில் முதுகை ஒட்டி நின்றாய். உன் தலைக்கு நேராகப் பென்சில் கோடு போட்டது நான்தான். பிறகு பழைய கல்யாணப் பத்திரிகையில் இரண்டு உருவங்களை வெட்டி அந்தச் சின்ன அட்டைக் கட்டடத்துக்குள் ஒட்டினாய். பெஞ்சில் குள்ளமாக நீ, படியில் நெட்டையாக நான்.

மருந்து எதுவும் உன் உடம்புக்குக் கேட்காமல் போன நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அந்த அட்டைக் கட்டடத்தை மடியில் வைக்கச் சொன்னாய். பெஞ்சிலிருந்த உன்னை நகத்தால் பெயர்த்து என் சட்டைப் பையில் போட்டாய். எதற்கு என்றேன்.

“அளவு காட்ட ஒரு ஆளு போதும்யா. அதான் நீ கீறியே.”

அந்த வாரமே போய்விட்டாய்.

கட்டும்போது மேஸ்திரி, ஜன்னல் தாழ்வாக இருக்கிறது, நிற்கிற ஆண்களுக்குத் தண்ணீரே தெரியாது, இன்னும் நாலு செங்கல் வரி ஏற்றலாம் என்றார். ஊராரும் அதையே சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

“அது அவ ஒயரம். யாரும் கை வைக்கக் கூடாது” என்றேன். நீ வரைந்தபடியே கட்டினார்கள்.

நேற்று மாலை போயிருந்தேன். நண்டுக் கூடைகளோடு பெண்கள் படகுக்குக் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் கால் தரையில் பட்டது. உட்கார்ந்தபடியே ஏரியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. நான் உட்காரவில்லை. நின்றால் சுவர்தான் தெரிகிறது. உன் உயரத்துக்குக் குனிந்தேன். ஏரி முழுக்கத் தெரிந்தது.

சட்டை மாற்றும்போதெல்லாம் பழைய பையிலிருந்து முதலில் உன்னைத்தான் எடுத்துப் புதிய பையில் வைக்கிறேன். ஓரங்கள் நைந்துவிட்டன. ஒரு ஆள் போதும் என்றாய். போதவில்லை.